ஒற்றைப் பூட்ஸ் வேட்பாளர்

வக்கீல் பெலிசாரியோ கார்கமோ இரண்டு தேர்தலில் நின்று இரண்டிலும் மண்ணைக் கவ்வியவர். மூன்றாவது முறை நின்றபோது மனைவி டெல்ஃபினா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா அந்த நீளக் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு எங்கண்ணன் மாவு மில்லுல போய் நில்லுங்க. அவ்வளவுதான்."

அவள் சொன்னால் செய்வாள். சான் ஒனோஃப்ரேயில் வக்கீல் தொழில் என்றால் காணாமல் போன மாடு, நகர்ந்து போன வேலி, வேறொன்றும் கிடையாது. கூலியாகக் கோழி வரும், முட்டை வரும், பல நேரம் வெறும் கும்பிடு வரும். பத்து வருஷம் அந்தக் கும்பிடைத் தின்று அவருக்கு அலுத்துவிட்டது. தலைநகர் சந்தியாகோ போய் நாடாளுமன்றத் தோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, யாருக்கும் புரியாத மசோதாவுக்குக் கை தூக்க வேண்டும். அதற்கென்றே பிறந்தவர் தான் என்று மனதார நம்பினார், பாவம்.

முந்தைய இரண்டு முறையும் அவரிடம் ஐந்து பேசோ வாங்கியவர்கள், எதிராளியிடம் பத்து வாங்கிக்கொண்டு அங்கே குத்திவிட்டார்கள். அதனால் 1915இல் மூளையைக் கசக்கினார். ஓட்டுக்கு முன்னால் இடது கால் பூட்ஸ். ஜெயித்த பிறகு வலது கால் பூட்ஸ். ஒற்றைக் காலோடு எவன் கட்சி தாவுவான்?

ஆக, இருநூற்று நாற்பது ஜோடி. தைத்தவன் எலியூதேரியோ. அரசாங்கம் என்ற ஒன்றே கூடாது என்று முப்பது வருஷமாகத் தெருவில் நின்று கத்துகிறவன், ஊரில் இருந்த ஒரே பூட்ஸ்காரன்.

எதிராளி அன்செல்மோ ஒயார்சுன் பெரிய பண்ணைக்காரர். சங்கதி அவர் காதுக்கும் போனது. அவரும் பூட்ஸ் கொடுக்க முடிவு செய்தார். ஆனால் ஒரு மாட்டு வக்கீலைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று பேர் வரக் கூடாதே! அதனால் வலது காலை முதலில் கொடுத்தார். அவருக்கும் போக வேறு பூட்ஸ்காரன் இல்லை.

தேர்தலன்று காலை கறி அடைத்த எம்பனாடா இரண்டை உள்ளே தள்ளிவிட்டு நகராட்சிப் படியில் வந்து நின்றார் பெலிசாரியோ. ஊரே கிறீச் கிறீச்சென்று நடந்து வந்தது. இரண்டு காலிலும் பூட்ஸ். ஒரே தோல், ஒரே அச்சு. அவர் எலியூதேரியோ கடைக்கு ஓடினார்.

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே வக்கீலே. கவர்மென்டை ஒழிங்கடான்னு முப்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு நாய் திரும்பிப் பாக்கல. நீங்க ரெண்டு பேரும் சேந்து ஒரே மாசத்துல முடிச்சிட்டீங்க. கை குடுங்க!"

கிறீச்சிட்ட கூட்டம் ஓட்டுப் பெட்டிப் பக்கமே வரவில்லை. நேராகச் சாராயக் கொட்டகைக்குப் போய் குவேக்கா ஆட ஆரம்பித்துவிட்டது. இவருக்குப் போட்டால் அவருக்குத் துரோகம், அவருக்குப் போட்டால் இவருக்குத் துரோகம். நன்றியுள்ள ஜனம், யாருக்கும் துரோகம் செய்ய மனசு வரவில்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். ஒயார்சுனுக்கு இருபது, எல்லாம் அவர் பண்ணை ஆட்கள். பெலிசாரியோவுக்கும் மச்சான்கள், மாவு மில் ஆட்கள் என்று இருபதுதான் தேறும். ஆனால் இருபத்தேழு இருந்தது!

டெல்ஃபினா எல்லோர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் அந்த ஏழு பேர் யாரென்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரை மலைக்காரர்கள், ஏழு பேரும் வெறுங்காலோடு வாசலில் நின்றார்கள். பூட்ஸ் கொடுக்கப் போன அவருடைய ஏஜெண்டுகள் ஆற்றில் இறங்கச் சோம்பல்பட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நான் ஒண்ணுமே குடுக்கலியேப்பா" என்றார், நிஜமாகவே கூச்சத்தோடு.

"எங்க மாட்டையெல்லாம் மீட்டுக் குடுத்தீங்களே வக்கீலய்யா" என்றான் முன்னால் நின்ற பாமொந்தே. "இப்ப ஒயார்சுன் ஆளுங்க மறுபடி ஓட்டிட்டுப் போயிட்டாங்க. ஜூன் ஒண்ணாந்தேதி வாய்தா. வந்துருவீங்கல்ல?"

ஜூன் ஒன்றாம் தேதிதான் சந்தியாகோவில் பதவியேற்பு. பெலிசாரியோ தொண்டையைச் செருமினார். "பாப்போம்ப்பா" என்றார்.

பார்க்கவில்லை. ரயிலேறிவிட்டார். தோல் நாற்காலியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தார், கை தூக்கினார், உடம்பும் நன்றாகத் தேறியது. அடுத்தடுத்த தேர்தல்களில் இரண்டு காலுக்கும் முன்கூட்டியே கொடுத்து, நூற்றுக்கணக்கில் ஓட்டு வாங்கி ஜெயித்தார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மட்டும் ஒரு ஓட்டும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வாழ்த்த வந்த கூட்டம் கலைந்த பிறகு, அந்த அக்கரைக் கணக்கைத்தான் அவர் முதலில் கேட்பார்.