படி வைத்த ஜீப்பின் விலை

ஒரு வண்டியை மதிப்பிடும்போது முன்பக்க இடது சக்கரத்திலிருந்துதான் தொடங்குவேன். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று, பிறகு கதவுகள், பிறகு உட்புறம், கடைசியில் எஞ்சின். ஜாலான் புசார் பக்கம் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடையில் எனக்கு அதுதான் வேலை. கீறல், நசுங்கல், துரு, மாற்றிப் போட்ட உதிரிப்பாகம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதுவேன். சீன முதலாளி அட்டையைப் பார்த்து விலை சொல்வார். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இல்லாத எதுவும் விலையைக் குறைக்கும் என்பது அவருடைய கணக்கு. உடம்பில் துளை போட்டிருந்தால் இன்னும் குறையும்.

எழுபதுகளின் கடைசியில், மூன்று மாத இடைவெளியில், எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. முதலில் வாங்கியவர் என் மனைவியின் அண்ணன். கப்பல்களுக்கு மளிகைச் சாமான் சப்ளை செய்யும் தொழில் அவருக்கு. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், தோல் இருக்கை, ஏர்கான் என்று யாரும் திரும்பிப் பார்க்கிற வண்டி. அப்போது அவரும் அவர் அம்மாவான என் அத்தையும் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். இருப்பது வாடகை மாடி, ஓட்டுவது எட்டு சிலிண்டர் என்று என் மனைவியே அண்ணனைக் கிண்டல் செய்வாள்.

என்னுடையது டீசல். ஒரு கட்டுமான நிறுவனம் ஒரு வருடம் மட்டும் ஓட்டிவிட்டு எங்கள் கடையில் தள்ளிய வண்டி. இருக்கைகளின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது. நானும் கிழிக்கவில்லை. அடித்தரைக்கு ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய செய்தித்தாள். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், சர்வீஸ் செய்த கடை எல்லாம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

இரண்டும் ஒரே வருடத்து வண்டிகள் என்பதால், விற்கும்போது எது நல்ல விலைக்குப் போகும் என்ற வாக்குவாதம் முதல் வாரமே தொடங்கிவிட்டது. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மாதா கோயிலுக்கு எதிரே காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் மச்சான் ஆரம்பிப்பார். வசதியானவர்கள் சொகுசைத்தான் தேடுவார்கள், அவர்கள் விலை பார்க்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. டீசலுக்கென்று அரையாண்டுக்கு ஒருமுறை தனி வரி கட்ட வேண்டியிருந்தாலும், நாள் முழுக்க ஓடுகிற கட்டடக் குத்தகைக்காரனுக்கு அதுதான் லாபம், குத்தகைக்காரர்கள் ஊரில் எப்போதும் இருப்பார்கள் என்பது என் கட்சி. பெட்ரோல் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் மச்சான் பேச்சை மாற்றிவிடுவார். உட்லண்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் அடிக்கடி வந்ததற்குத் தங்கைப் பாசம் ஒரு காரணம். அப்படியே பாலத்தைத் தாண்டி, பெட்ரோல் மலிவான ஜொகூரில் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

அத்தை இருவர் கட்சியிலும் சேரவில்லை. என் வண்டி சந்துக்குள் நுழையும் சத்தம் மாடிக்குக் கேட்டதும், "மாவு மெஷின் வந்துடுச்சு, கிளம்புங்க" என்பார்.

அவருக்கு முழங்கால் வலி. எண்பதுகளின் தொடக்கத்தில் அது மோசமானது. இரண்டு ஜீப்புகளுமே உயரம். குளிர்பானம் அடுக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஏறி, இருவர் பின்னாலிருந்து தாங்க, அத்தை உள்ளே போவார். பெட்டியை எடுத்து வைப்பது என் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஆடி, அவர் சரிந்து, நல்ல வேளையாக மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தெரிந்த வெல்டர் ஒருவர் இருப்பதாகவும், இரும்புப் படி செய்து அடிச்சட்டத்தில் பற்றவைத்துவிடலாம் என்றும் சொன்னார். "ரெண்டு வண்டிக்கும் ஒரேயடியா செஞ்சிடுவோம், மாப்ள. அம்மா எதுல வேணும்னாலும் ஏறிக்கலாம்."

"சேஸில கை வெச்சா விக்கும்போது அடிபடும், மச்சான்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய பெட்ரோல் ஜீப்பில் படி இருந்தது. கதவோரத் தூணில், கழித்துப்போட்ட பேருந்திலிருந்து எடுத்த கைப்பிடி ஒன்றை நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். படியின் மேல் வழுக்காத ரப்பர். அத்தை கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து, யாரும் தாங்காமல் ஏறி உட்கார்ந்தார். அதன்பின் என் வண்டியில் அவர் ஏறவே இல்லை. மரப்பெட்டியை இரண்டு வாரம் சும்மா சுமந்துவிட்டுக் காப்பிக்கடையில் திருப்பிக் கொடுத்தேன். என் வண்டியின் உடம்பு பழுதில்லாமல் இருப்பதில் எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஊரில் வியாபாரம் படுத்தது. அதே சமயத்தில் அத்தையின் முழங்கால் மாடிப்படியையும் மறுத்துவிட்டது. கடைவீட்டின் மரப்படிகள் செங்குத்தானவை. வாரம் ஒருமுறை பூசைக்காக மச்சானும் நானும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்குவோம். மற்ற ஆறு நாளும் ஜன்னல்தான். மச்சான் அடுக்குமாடி வீடு தேட ஆரம்பித்தார். அந்தக் காலத்து பிளாக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்றில் நிற்கும், ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். நடுவில் இருப்பவர்கள் ஏறவோ இறங்கவோ வேண்டும். அவர் கைக்கு எட்டிய வீடுகளெல்லாம் நடுமாடிகளாகவே இருந்தன. கடைசியில் தெம்பனிஸில் ஐந்தாம் மாடியில் ஒன்று கிடைத்தது. லிஃப்ட் கதவிலிருந்து மூன்றாவது வாசல். ரொக்கமாகத் தரவேண்டியதை மாதக் கடைசிக்குள் தந்தால்தான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வேறொருவரும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை மச்சான் ஜீப்பை எங்கள் கடை முன் நிறுத்தினார். துடைத்து மெருகேற்றியிருந்தார்.

முன்பக்க இடது சக்கரத்திலிருந்து தொடங்கினேன். பெயின்ட் நன்றாக இருந்தது. எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கதவுக்கு வந்தபோது எழுதத்தான் வேண்டியிருந்தது. தூணில் நான்கு துளைகள். சேஸில் இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்பு. ஒரு பக்கத் தோல் இருக்கையில், அத்தை எப்போதும் உட்காரும் இடத்தில், வலித் தைலம் ஊறிய கறை. ஒவ்வொன்றையும் எழுதும்போது மச்சான் சற்றுத் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி சொன்ன விலை, என் டீசலுக்கு அவர் எப்போதும் சொல்லிவந்த விலையில் பாதிகூட இல்லை. அவர்மேல் குற்றமில்லை. சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. அவ்வளவு பெரிய எஞ்சினை அந்த வருடம் யாரும் தொடமாட்டார்கள். இதில் இந்தப் படியும் கைப்பிடியும் வேறு. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, இது என்ன பேருந்தா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "அந்தப் படியை அறுத்து எடுத்துட்டா எவ்வளவு கூடும், மாப்ள?" என்று கேட்டார்.

"பெருசா கூடாது. துளை அடைச்சாலும் தெரியும் லா" என்றேன்.

தலையாட்டிவிட்டு அவர் வண்டியிலேயே திரும்பிப் போனார். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், "மச்சான் படி வைக்கச் சொன்னார். மறுத்தேன். விற்பனை மதிப்பு" என்று இருந்தது. அதற்குக் கீழே, அத்தை சரிந்தது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டீசலை விற்றுவிடலாமா என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வித்துடுங்க. ஏழெட்டு வருஷமா அந்த பிளாஸ்டிக்ல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மச்சானைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தங்கை வீட்டுப் பணத்தில் வீடு வாங்குவதா என்று முறுக்கிக்கொண்டார். என் டீசலுக்கும் ஓர் அட்டை எழுதி, அவர் முன் இரண்டு அட்டைகளையும் வைத்தேன். ஊரே கேட்கும் வண்டி ஒன்று, ஊரில் யாருக்கும் வேண்டாத வண்டி ஒன்று. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றேன். டீசல் பணம் அவருக்கு, பெட்ரோல் வண்டியில் பாதி எனக்கு, ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். அவர் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்தார்.

"அப்ப டீசல்தான் ஜெயிச்சுதுன்னு சொல்லவர்றீங்க."

"ஆமா."

"இதுக்குத்தான் எட்டு வருஷமா காத்திருந்தீங்க. எழுதிக்குங்க, எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பிலிருந்து சம்மதித்துவிட்டார் என்று தெரிந்தது.

டீசலை வாங்கியவர் ஒரு குத்தகைக்காரர். பேரம் பேசவே இல்லை. சாவியை வாங்கியதும் கதவைத் திறந்து, முன் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை ஒரே இழுப்பில் கிழித்தெறிந்தார். அடியில் துணி இளநீலம். சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன். பின்னால் இரண்டு மூட்டை சிமென்டை ஏற்றிக்கொண்டு அவர் போனார்.

தெம்பனிஸ் வீட்டுக்கு அத்தை போன நாளில் லிஃப்டில் இரண்டு முறை மேலும் கீழும் போய்வந்தார். முதல் முறை வீட்டைப் பார்க்க. இரண்டாம் முறை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜீப் என் முறைக்கு வந்த முதல் வாரம், அத்தையிடம் ஏறி இறங்கச் சிரமம் ஏதும் உண்டா என்று கேட்டேன். ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் பிடிக்க ஒன்றுமில்லை என்றார். கடையிலிருந்து துளையிடும் கருவியையும் இன்னொரு கைப்பிடியையும் எடுத்துவந்தேன். பிளாக்கின் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில் மச்சான் அதைக் கதவின் மறுபக்கத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நான் பென்சிலால் குறி போட்டேன்.

அத்தை இருக்கையில் உட்கார்ந்தபடி கையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ, மாப்பிள்ள."

பழைய குறியை அழித்துவிட்டு, ஒன்றரை அங்குலம் கீழே புதிதாகப் போட்டு, துளையிட ஆரம்பித்தேன்.