ஹோக்ஸ் என்றால் என்ன

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வருவாள். பைக் சீட் கவர் தைக்கிற கடையில் உட்கார்ந்து ரெக்ஸின், ஃபோம், மாடல், டெலிவரி என்று நாள் முழுக்க நான் பேசுவது என்ன பாஷையாம்? தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ படித்தவனுக்கு அது போதும் என்றுதான் நானும் இருந்தேன். மகளை டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த பிறகு, பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மற்றவர்கள் தலையாட்டும்போது நானும் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். புரியாததைக் கேட்டு மானம் போவதைவிட அது சுலபம்.

அவள் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் காலை, பிள்ளைகளை உடனே வந்து அழைத்துப் போகும்படி பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. காரணம் போடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "டவுன்ல ஏதோ ஸ்கூலுக்கு பாம் வெச்சிருக்கானாம் பாய். உங்க பொண்ணு எங்க படிக்குது?" என்றார். பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவரே என் வண்டியைத் திருப்பி நிறுத்திக் கொடுத்தார்.

ரெட்டியார்பாளையத்துக் கடையிலிருந்து அங்கே எப்படி வண்டி ஓட்டினேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. சிக்னலில் நின்றேனா, தாண்டினேனா என்பதுகூட நினைவில்லை. வாயில் துஆ வந்தது, பாதியில் மறந்தது, மறுபடி முதலிலிருந்து ஓதினேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

வீதி முனையிலேயே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மோப்ப நாய் வேன் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகள் வரிசையில் வெளியே வந்தார்கள். எல்.கே.ஜி. வந்தது, ஒன்றாவது வந்தது, ஆறாவதுகூட வந்துவிட்டது. நாலாவது வரவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் வாக்கிடாக்கியில், "ஹோக்ஸ் பாம் மெயில்தான் சார்" என்றார். ஆர்.டி.எக்ஸ். என்று டிவியில் கேட்டிருக்கிறேன். இதுவும் அந்த இனமாகத்தான் இருக்கும், அதைவிடப் பெரிதாகக்கூட இருக்கும் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஆளாளுக்கு "ஹோக்ஸ்", "ஹோக்ஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். யாரையாவது கேட்டிருக்கலாம். அந்த நிலைமையிலும் எனக்கு வெட்கம் விடவில்லை. போனில் தேடலாம் என்றால் மனைவியின் அழைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையோடு அவள் வீட்டில் இருந்தாள்.

"என்னங்க, புள்ள வந்துடுச்சா?"

"வந்துகிட்டே இருக்கு. ஏதோ ஹோக்ஸ் பாமாம்."

"அப்டின்னா?"

"போனை வை, கூட்டிகிட்டு வரேன்" என்று கட் செய்தேன். தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்தில் டக்-இன் செய்த ஒருவர், போனில் யாரிடமோ ஹோக்ஸ் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ன சார் சிரிக்கிறீங்க? உள்ள புள்ளைங்க இருக்கு சார்" என்று சத்தம் போட்டேன்.

அவர் நிதானமாக, "ஹோக்ஸ் சார்" என்றார்.

"அதான் சார் நானும் சொல்றேன். ஹோக்ஸ் வெச்சிருக்கான்ல?"

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து நின்றிருந்த ஓர் அம்மாதான் இரக்கப்பட்டுச் சொன்னார். "பொரளிங்க அது. சும்மா மெரட்டல். எவனோ வேலையத்தவன் மெயில் அனுப்பிருக்கான். பாம்லாம் ஒண்ணும் இல்ல."

அங்கேயே ஒரு பைக்கின் மேல் சாய்ந்துகொண்டேன். மானம் போனால் போகட்டும், பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. நாய் இன்னும் உள்ளேதானே இருந்தது.

"அப்ப தேடி முடிச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் பாத்துகிட்டுதான் இருக்காங்க."

"அப்புறம் பொரளின்னு எப்டி சொல்றாங்க?"

அந்த அம்மாவின் முகம் மாறியது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். உள்ளே அழுதார் என்று நினைக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

கடைசியாக நாலாவது வகுப்பு வந்தது. மாடியில் யோகா கிளாஸாம், செருப்புகூடப் போடவிடாமல் இறக்கியிருக்கிறார்கள். தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். கயிற்றுக்குக் கீழே புகுந்து அவளைத் தூக்கியவன், வண்டி நிறுத்திய இடம் வரைக்கும் இறக்கவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள், இறக்கிவிடுங்கள் என்று கெஞ்சினாள். சாயங்காலம் வரை தேடியும் உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஓடிபி கேட்டவனை ஹோக்ஸ் என்றேன். நாளைக்கு மழை லீவு என்று வந்த ஃபார்வர்டை ஹோக்ஸ் என்றேன். டயர் கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அர்த்தமும் தெரியும், எங்கே போட வேண்டும் என்பதும் தெரியும் என்கிற மிதப்பு எனக்கு.

மூன்று மாதம் ஆகியிருக்கும். பள்ளியிலிருந்து மறுபடி மெசேஜ். திரும்பவும் மெயில் வந்திருக்கிறது, ஹோக்ஸ், போலீஸ் சோதனை நடக்கிறது, பெற்றோர் பதற வேண்டாம், வரவும் வேண்டாம். ஒரு வார்த்தை விடாமல் எனக்கே புரிந்தது. மனைவிக்கு போன் செய்து, "ஹோக்ஸ்தான்" என்றேன். "அப்ப சரிங்க" என்று வைத்துவிட்டாள். நான் கத்தரியை எடுத்து ரெக்ஸினை வெட்ட ஆரம்பித்தேன்.

பாதி வெட்டும்போதுதான் உறைத்தது. சோதனை நடக்கிறது என்று அதே மெசேஜில் போட்டிருக்கிறார்கள். தேடி முடிக்காமல் ஹோக்ஸ் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், அதுவும் பெற்றவளிடம். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பள்ளி வாசலில் கூட்டமே இல்லை. கயிறும் கட்டவில்லை. நாய் வேன் மட்டும் நின்றது. உள்ளே ஏதோ ஒரு வகுப்பு கோரஸாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இந்தத் தடவை வெளியே விடவே இல்லை.

"எல்லாம் கிளாஸ்ல இருக்காங்க சார்" என்றார் வாட்ச்மேன். "ஹோக்ஸ்தான? எதுக்குப் பதறுறீங்க?"

"தேடி முடிச்சாச்சா?"

"மேல் மாடி பாத்துகிட்டிருக்காங்க."

"என் பொண்ண மட்டும் அனுப்புங்க."

"ஒருத்தர விட்டா எல்லாரும் கேப்பாங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். கேட்க அங்கே வேறு யாருமே இல்லை. நாய் வேன் கிளம்பிப் போன பிறகும் எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. பெல் அடிக்கும்வரை எதிர்ச்சுவர் ஓரமாகவே நின்றேன்.

மகள் தோழிகளோடு பேசிக்கொண்டே வந்தாள். "ஏன் அத்தா, இன்னிக்கு எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க?" என்றாள்.

"பயந்தியாம்மா?"

"இல்லியே. நாய் எங்க கிளாஸுக்கே வந்துச்சு. அது மோந்து பாத்துட்டு போற வரைக்கும் கை கட்டி உக்காரச் சொன்னாங்க மிஸ்."

"வெளிய கூட்டிட்டுப் போவலியா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஹோக்ஸுக்கு எதுக்குத்தா வெளிய போவணும்?"

பின்னால் ஏறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "தேடி முடிச்ச பிறகுதாம்மா அது ஹோக்ஸ்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.