படத்தில் இருக்கும் பிள்ளை

எங்கள் இருவரையும் அந்தப் புடவைக்கடை தெரிவு செய்ததே நாங்கள் கறுப்பு என்பதால்தான். அதுவரை அவர்களுடைய விளம்பரங்களில் நின்றவர்கள் எல்லோரும் கொழும்பிலிருந்து வந்த வெள்ளை நிறத்துப் பெண்கள். வெளிநாடுகளில் இப்போது எல்லா நிறத்தவர்களையும் மேடையேற்றுகிறார்கள், எங்கடை பிள்ளைகளைப் போட்டால் ஊர் பேசும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் ஊர் யாழ்ப்பாணத்தில் அரியாலை. அப்போது ஒரு போன் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு தெரிவானவள் வட்டுக்கோட்டைப் பக்கம், வெங்காயமும் புகையிலையும் வைக்கிற தோட்டக்காரக் குடும்பம். என்னைவிட இளையவள். கண்ட முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூட நாடகங்களில் தன்னை எப்போதும் அரக்கியாகத்தான் போடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். “சத்தம் போட்டுச் சிரிக்கிற பார்ட் வேறை ஒருத்திக்கும் வராது அக்கா” என்று பெருமையாகச் சொன்னாள்.

கொழும்புத்துறையில், கடலேரிக் கரையில் வைத்துப் படம் எடுத்தார்கள். காலை வெயில். படம் எடுக்கிற அண்ணை, “முகத்திலை ஒண்டும் போடாதேங்கோ, இப்பிடியே நில்லுங்கோ” என்றார். அவளுக்கு இலைப்பச்சைச் சேலை. காற்று தலைப்பைப் பிடித்திழுக்க, அதை அமத்திப் பிடித்தபடி அவள் திரும்பிப் பார்த்த ஒரு படம் இருக்கிறது. அப்படியொரு முகத்தை ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று எனக்கே தோன்றியது. அந்த அண்ணை அதைத் தன்னுடைய பேஸ்புக் பக்கத்தில் போட்டுவைத்தார்.

கடைக்கு மேலே பெரிய பலகை ஏறிய அன்று இருவரும் போய் வீதியில் நின்று பார்த்தோம். எங்களைக் கொம்பியூட்டரில் வெளுக்க வைத்திருந்தார்கள். என் முகத்தை வெளுத்தவன் காதை மறந்துவிட்டான். காது மட்டும் என் சொந்த நிறத்தில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது. போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள். கன நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, வெள்ளையா இருந்தா நான் இவ்வளவு வடிவோ?”

நான் ஏதோ பகிடியாகச் சொன்னேன். அவளுக்கு அது கேட்கவில்லை.

கடைக்கு மேக்கப் செய்கிற அன்ரி ஒருத்தி இருந்தா. சொந்தமாகப் பார்லர் வைத்திருந்தவ. அடுத்த தடவை போனபோது எங்கள் இரண்டு பேரின் கையிலும் ஆளுக்கொரு சின்ன டப்பாவை வைத்தா. அதில் பெயரில்லை, ஒரு எழுத்துமில்லை. உள்ளே வெள்ளைக் கிறீம்.

“எல்லாரும் பூசுறதுதான் பிள்ளையள். படுக்கேக்கை மட்டும் பூசுங்கோ. ஒண்டும் செய்யாது.”

நான் முழங்கையில் பூசிப் பார்த்தேன். தோல் எரிந்து தடித்தது. கழுவிவிட்டு எறிந்துவிட்டேன். எனக்குப் பெரிய புத்தி இருந்ததென்று நினைக்கவேண்டாம். எரியாமல் இருந்திருந்தால் நானும் பூசியிருப்பேன்.

அவளுக்கு எரியவில்லை.

முதலில் முகம் வெளுத்தது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆனதும் கழுத்துக்கும் பூசினாள். பிறகு கைக்கு. பிறகு காலுக்கு. ஒரு டப்பா போதாமல் போனது. வேலைகள் அவளைத் தேடி வந்தன. மணப்பெண் சேலை, நகைக்கடை, கொழும்பில் ஒரு மேடை. எனக்கு வந்த அழைப்புகள் மெல்ல மெல்ல நின்றன. அவளுடைய தாய் கோயிலில் என்னைக் கண்டு, “இப்ப மூண்டு இடத்திலையிருந்து சம்பந்தம் கேட்டு வந்திட்டினம் பிள்ளை” என்றா. அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஸ்கூட்டியில் வரும்போது அவள் கையுறை போட்டு, முகத்தைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய வருவாள். வெயில் பட்டால் எரிகிறது என்றாள். தோட்டத்துக்குப் போவதை விட்டாள், அடுப்படிக்குப் போவதையும் விட்டாள். அவளுக்குத் துணையாக நான் போய்வந்த படப்பிடிப்புகளில் ஒன்றுக்கு, ஒரு காலையில் கண்மடல்கள் வீங்கிப்போய் வந்தாள்.

“அழுதனியோ?”

“இல்லையக்கா. நித்திரை காணாது.”

அடுத்த கிழமையும் அதே வீக்கம். விரலில் இருந்த மோதிரம் கழலவில்லை. அன்ரி சவர்க்காரம் போட்டு இழுத்துக் கழற்றி, கண்ணுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் மேக்கப் அப்பிவிட்டா. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “நீ ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு” என்றேன். “உங்களுக்கு இப்ப வேலை இல்லை, அதுதான் இப்பிடிக் கதைக்கிறியள்” என்றாள். நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கனடாவிலிருந்து ஒரு அக்கா வந்தா. அங்கே சொந்தமாக உடுப்பு வடிவமைக்கிறவ. அவவின் தாய் தகப்பன் இங்கத்தையாட்கள். தன் புது உடுப்புகளை யாழ்ப்பாணத்துக் கறுத்தப் பெண்கள்தான் போடவேண்டும், படத்தில் ஒரு நிறத்தையும் மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தா. படம் எடுக்கிற அண்ணையின் பேஸ்புக் பக்கத்தில் பார்த்துத் தெரிவு செய்தது அந்தக் கடலேரிப் படத்தை. கூட நிற்க என்னையும் கூப்பிட்டார்கள்.

அன்று அவள் எல்லோருக்கும் முதல் வந்துவிட்டாள். கனடா அக்கா எனக்குக் கை தந்தா, அவளுக்கும் தந்தா. பிறகு வாசலைப் பார்த்தபடி இருந்தா. கொஞ்ச நேரம் போனதும் போனை எடுத்து நீட்டி, “இந்தப் படத்திலை இருக்கிற பிள்ளை இன்னும் வரேல்லையோ?” என்று கேட்டா.

படம் எடுக்கிற அண்ணை கமராவின் பட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

“அது நான்தான் அக்கா” என்றாள் அவள்.

கனடா அக்கா படத்தைப் பார்த்தா, அவளைப் பார்த்தா, திரும்பவும் படத்தைப் பார்த்தா. கோபப்படவில்லை. “ஐயோ, என்னம்மா செய்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டா. அந்தக் குரலில் இருந்த இரக்கம் என்னாலேயே தாங்க முடியாததாக இருந்தது.

“நிப்பாட்டினா கறுத்திடுவன் அக்கா. ஒரு மாசம் தாங்கோ. திரும்பிக் கறுத்துக்கொண்டு வாறன்.”

சொல்லிவிட்டு, வேலை தொடங்கிவிட்டதுபோல், அங்கே வைத்திருந்த செருப்பைப் போடக் குனிந்தாள். கால் உள்ளே போகவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய கணுக்காலைப் பிடித்தேன். பிடித்த இடத்தில் என் பெருவிரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் அமத்தின மாதிரி, நிரம்பவேயில்லை. அவளும் அதைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பயம் பிடித்தது.

கனடா அக்கா வந்த வான் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் இளம் வயது. அவளுடைய முகத்தையும் கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “என்ன பூசுறனீங்கள்?” என்பதுதான். அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். அந்த மாதிரிக் கிறீம்களில் பாதரசம் இருக்கும், அது தோலுக்குள்ளால் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தியபோது, செய்தி கேட்டு ஓடிவந்த அவளுடைய தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றா.

அவள் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீக்கம் வடிய மாதக்கணக்கானது. இப்போதும் குளிசை போடுகிறாள், கிளினிக் போகிறாள், உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். நிறம் திரும்பி வந்தது, ஆனால் ஒரே சீராக வரவில்லை. கன்னத்தில் கரித்துண்டால் தேய்த்ததுபோல் கறை. வந்த சம்பந்தங்கள் போய்விட்டன. கறை விழத் தொடங்கியிருந்த நாட்களிலேயே, கனடா அக்கா திரும்பிப் போவதற்கு முதல் அவளைப் பார்க்க வந்து, கறையோடேயே படம் எடுக்கலாமா என்று கேட்டா. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அந்த உடுப்புகளைப் போட்டேன். படங்கள் எங்கேயோ வந்தன. நல்லாயிருக்கிறதென்று பலர் எழுதினார்கள். நான் அவளுக்குக் காட்டவில்லை.

சுகாதாரப் பரிசோதகரிடம் நானும் அவளுடைய தகப்பனும் போய் முறையிட்டோம். பரிசோதகரின் ஆட்கள் பார்லருக்குப் போனபோது அங்கே ஒரு டப்பாவும் இல்லை. அன்ரி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாவாம். பிறகு பார்லரை இன்னும் பெரிய இடத்துக்கு மாற்றிவிட்டா.

போன மாதம் சாவகச்சேரியில் ஒரு கலியாணம். மணப்பெண்ணின் தங்கச்சி என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். தானும் மொடலிங் செய்யப்போகிறாளாம். நல்ல கறுப்பு, கழுத்துவரை. முகம் மட்டும் சாடையாக வேறு நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மேளச் சத்தத்துக்கு மேலால், அவளுடைய காதோடு வாய் வைத்து, நடந்தது முழுவதையும் சொன்னேன். வீங்கிய கண், செருப்பு, ஆஸ்பத்திரி, கறை, எல்லாவற்றையும். அவள் ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் கேட்டாள். கண்கூடக் கலங்கியது.

முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“பாவம், என்னக்கா. ஆனா அவவுக்கு எத்தினை நாளிலை வெளுத்தது?”