உறுமாத நாய்

"இப்பல்லாம் உறுமுறதே இல்லைங்க. அடிச்சே நிறுத்திட்டேன்," என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னதும், நாயைப் பழக்க வந்த அக்கா இரண்டடி பின்வாங்கி நின்றாள். இருபது வருஷத் தொழிலில் உறுமிய நாய் எதுவும் அவளைக் கடித்ததில்லை.

சாப்பாட்டுத் தட்டின்மேல் குனிந்திருந்த நாய் விறைத்து நின்றது. அவள் தூர நின்றே இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டருகே போட்டாள். அரை மணி நேரம் கழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னே வைத்தாள். நாய் மெல்ல உறுமியது. வீட்டுக்காரர் கம்பை ஓங்கினார். அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இப்பதான் அது வாயைத் திறந்து சொல்லுது. அதையும் கெடுக்காதீங்க."

வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, நுனியில்லாத தன் சுண்டுவிரலை அவர் கண்ணெதிரே நீட்டினாள்.

"இதைக் கடிச்ச நாய் சத்தமே போடலைங்க."