படத்தில் விழுந்த தலை

அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். உயரம் அப்படி. காட்டின் இலையடர்த்தியைப் படம் பிடித்து அளப்பது அவள் வேலை. மார்பளவு முக்காலியில் கேமராவை வானம் பார்க்க நிறுத்தி, வெயில் ஏறுமுன் எடுக்க வேண்டும். அந்த லென்ஸ் நாலா பக்கத்தையும் விழுங்கிவிடும். படத்தில் வெளுப்பாக இருப்பதைக் கணினி வானம் என்று எண்ணும். கறுப்பாக இருப்பதை இலை என்று எண்ணும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

இத்தனை வருடமாகப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கேமராவுக்குக் கீழே குந்திக்கொள்வாள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனபின் குந்த முடியவில்லை. குனிந்து சமாளித்தாள். போன மாதப் படங்களில் எல்லாம் ஓரத்தில் அவள் தலை.

"உங்க கொண்டையையும் இலைன்னு எண்ணிடுச்சும்மா," என்று மேலாளர் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "இந்த மாசமும் இப்படின்னா வேற ஆள அனுப்பிடுவேன். நீங்க ஆபீஸ்லயே உட்காருங்க."

நாற்காலியில் உட்கார்வதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக் கூடத்தில் முக்காலியை நிறுத்தினாள். பொத்தானை அமுக்கினால் பத்து நொடியில் படம் விழும். அதற்குள் தரையில் படுத்துவிட வேண்டும். பாதி படுப்பதற்குள்ளேயே 'க்ளிக்'. திரும்பத் திரும்ப அதே கதை. கடைசியில் பொத்தானை அமுக்கிவிட்டு, கால் வலியில் எரிச்சலோடு, ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் இருந்த பானையில் தண்ணீர் குடிக்க நொண்டிக்கொண்டு போனாள்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் படத்தைப் பார்த்தார். "ஃபேன் தெரியுது, ஒட்டடைகூடத் தெரியுது. உன்னத்தான் காணோம். எங்க இருந்த?"

"ஃபிரிட்ஜுக்குப் பின்னால..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். காட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மரம் இருக்கிறதே! அடிமரம் எப்படியும் படத்தில் விழுவதுதான்.

மறுநாள் விடியலில் ஒவ்வொரு இடத்திலும் பொத்தானை அமுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து மரத்தின் பின்னால் போய் ஒளிந்தாள். ஒல்லி மரமானால் வயிற்றை எக்கிக்கொண்டாள்.

மேலாளர் படங்களைப் பெரிதாக்கித் தலையைத் தேடினார். இல்லை. ஆனால் கணக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"போன வருஷத்தவிட இலை குறைஞ்சிருக்கே! போன மாசம் சரியாத்தானே இருந்துச்சு?"

படத்தின் ஓரத்தில் வெளுப்பாகத் தெரிந்த இடத்தை அவள் தொட்டுக் காட்டினாள். "போன மாசம் அந்த ஓட்டைய என் தலை அடைச்சிருந்துச்சு சார்."

அவள் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் நான்தான் போவேன்," என்றாள்.

அடுத்த மாதப் பட்டியலில் அவர் அவள் பெயரையே எழுதினார்.