காலியாகக் கிடந்த பட்டம்

வாரத்தில் மூன்று நாள் வேளச்சேரியில் ரயில் ஏறி மயிலாப்பூரில் இறங்குவேன். டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவர் சரித்திர டீச்சர். நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள். வயதாகி அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், ஆனால் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும். அதற்காகத்தான் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு என் அறையில் பேச்சுச் சத்தமே கிடையாது. அந்த மூன்று நாள்தான் நான் வாய் திறக்கிற நாள்.

நாங்கள் எழுதியது ஸ்பெயின் தேசத்துப் பட்டம் ஒன்றின் கதை. கோட்டையைக் காத்த தளபதி ஒருவருக்கு அந்த நாட்டு ராஜா "மார்க்கேஸ்" என்று, நம்ம ஊர் ஜமீன்தார் மாதிரி, ஒரு பட்டம் கொடுத்தாராம். அவருக்குப் பிறகு அவருடைய மூத்த பிள்ளை, அப்புறம் அந்தப் பிள்ளையின் பிள்ளை. ஒருவர் சீட்டாடியே நிலத்தையெல்லாம் தொலைத்தார். பட்டம் மட்டும் மிஞ்சியது. அதோடு ஒவ்வொருவருக்கும் சேர்ந்தாற்போல் ஏழெட்டுப் பெயர்.

"இன்னா டீச்சர், ரேஷன் கார்டுல இவரு பேர எப்படி எழுதுவாங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று கேட்கப் பயம். கதை முடிந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை.

ஒன்பதாவதாக அந்தப் பட்டம் கல்யாணமாகாத ஓர் அம்மாவிடம் வந்தது. "அந்தம்மா செத்ததும் பட்டம் காலி. எழுதிட்டியா?" என்றார் டீச்சர். "அத்துடன் பட்டம் ஒழிந்தது" என்று எழுதி, கீழே "முற்றும்" போட்டேன். போடும்போதே கண் கலங்கிவிட்டது. படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஏம்மா, யாரைக் கேட்டு ஒழிச்சே?"

"நீங்கதானே டீச்சர் காலின்னீங்க?"

"ஆளு காலின்னு சொல்வியே, அந்தக் காலி இல்லம்மா. வீடு காலின்னு போர்டு மாட்டுறாங்களே, அந்தக் காலி. பட்டம் தானா வந்து தலையில உக்காராது. சொந்தக்காரங்க யாராவது மனு போட்டுக் கேக்கணும். அதுவரைக்கும் சும்மா கிடக்கும்."

"அப்புறம் யாருனா கேட்டாங்களா?"

"ரொம்ப வருஷம் கழிச்சுக் கேட்டாங்க. அந்தம்மாவோட சித்தப்பா பிள்ளை இருந்தாரு, அவரோட பேத்தி. முதல்ல அந்த முற்றும்ங்கிறத அடி."

காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தேன்.

அந்தப் பேத்தியின் மனு, வம்ச ஆதாரம், குறுக்கே வந்த இன்னொரு சொந்தக்காரரின் வழக்கு என்று மேலும் நாலு வாரம் ஓடியது. கடைசியில் பேத்திதான் ஜெயித்துப் பத்தாவதாகப் பட்டம் வாங்கினார். இப்போதும் இருக்கிறார், மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டில். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

"இப்பப் போடு முற்றும்," என்றார் டீச்சர். சின்னதாகப் போட்டேன்.

நோட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். சும்மாவாவது வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். "வரேன் டீச்சர்," என்று மட்டும் சொன்னேன். "போயிட்டு வாம்மா," என்றார். யாரை வழியனுப்பினாலும் அப்படித்தானே சொல்வார்கள்? அதில் இருந்த "வா" எனக்காகச் சொன்னதா என்று ரயிலில் வழி முழுக்க யோசித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்கு மயிலாப்பூரில் இறங்கினேன். அவர் தெருமுனை வரை நடந்தேன். என்ன சொல்லி மணி அடிப்பது? அங்கே கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.