நோல்ஃபாவின் விறகுக் கணக்கு

நோல்ஃபா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். பூமியின் தென்கோடியில், ஜனவரி கோடையாகவும் மே குளிராகவும் இருக்கும் கொய்யாய்க்கே ஊரில் பள்ளிக்கூடச் சமையற்காரி அவள். குளிர்காலத்தில் ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதைச் சுவரே சொல்லிவிடும் என்பது அவள் எண்ணம்.

அக்டோபரில் நகராட்சி ஆள் வந்தான். பழைய விறகடுப்பைக் கொடுத்தால், மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு இலவசம்; வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றான். விறகு பிளந்து பிளந்து புருஷன் அதேலியோவின் வலது தோள் போயிருந்தது. இன்னொரு குளிர்காலத்தை அது தாங்காது. அதனால் பாதி மனதில் சரி என்றே இருந்தாள். ஆனாலும் முன்பே பெல்லட் அடுப்பு வாங்கிய நாத்தனார் இர்மாவின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனாள். சுவர் கதகதப்பாகத்தான் இருந்தது.

"பொத்தான அமுக்கினா போதும் அண்ணி. மாசம் முப்பது மூட்டை, ஒன்னரை லட்சம் பேசோ. உங்க விறகுக்கு எவ்ளோ?"

"மாசம் அஞ்சு கன மீட்டர். ஒன்னே முக்கால் லட்சம்."

"பாத்தீங்களா."

"மாத்தே டீக்குத் தண்ணி எதுல வைக்கற?"

"கேஸ்ல."

"ரொட்டி?"

"கடையில. அண்ணன் மாதிரி கேள்வி கேக்கறீங்களே."

நோல்ஃபா வீட்டில் தண்ணீரும் ரொட்டியும் ஈரத்துணியும் விறகடுப்பிலேயே ஆகிவிடும்; இங்கே நாற்காலி முதுகுகளில் ஈரக் காலுறைகள் தொங்கின. சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று நோல்ஃபா கேட்டாள். ஒரு மாதம்கூட வருவதில்லை என்று சொல்லிவிட்டு இர்மா சிரித்தாள். சிலிண்டர் இருபத்தைந்தாயிரம். கூட்டினால் அதுவும் ஒன்றே முக்கால்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், விறகடுப்பை விட மனமில்லாத அதேலியோ குஷியானான்.

"நான்தான் சொன்னேனே. பிளக்கற கூலியும் நமக்கு மிச்சம்."

"உன் தோள் என்ன ஓசியா, கிழவா?"

அவளுக்குள் வேறொன்று உறுத்தியது. ஊரே மே மாதம் குளிர் வந்த பிறகுதான் விறகு வாங்கும், அவர்களும் அப்படித்தான். விறகு ஈரமாக வரும். பாதி தன்னை உலர்த்திக்கொள்ளவே எரியும். கோடையிலேயே, ஜனவரியில் வாங்கி உலர அடுக்கினால் மாதம் மூன்று மீட்டர் போதும். பிளந்தே தரச் சொன்னாலும் மீட்டர் ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சத்தில் முடிந்துவிடும். ஆனால் குளிர்காலம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டும்; ஜனவரிப் பணமோ விடுமுறையில் ஏரிக்கரைக் கூடாரத்துக்கும் ஆட்டுக்குட்டி சுடுவதற்கும் போகிற பணம்.

"இந்த வருஷம் ஏரி இல்ல. அந்தக் காசுக்கு ஜனவரியிலயே பிளந்த விறகு," என்றாள்.

"ஆடு?"

"கோழி."

"பிளந்த விறகா வாங்கினா, பிளக்கத் தெம்பில்லன்னு ஊர்ல சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நீ தோளோட இரு."

வெள்ளிக்கிழமை நகராட்சி ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜனவரியில் லாரி வந்து, பிளந்த லெங்கா மர விறகைக் கொட்டியது. அதேலியோ கால்சட்டைப் பைகளுக்குள் கைகளை விட்டபடி ஒவ்வொரு துண்டிலும் குறை சொன்னான், கோணல் என்றான், குட்டை என்றான். பிறகு பொறுக்க முடியாமல், இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். நோல்ஃபா வாங்கி, காற்று போக இடைவெளி விட்டு அடுக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்ல," என்றான். அன்றைக்கு அது உண்மைதான்.